நாத்தி என்றுதான் கேட்டது

நாற்காலியைத் தலைமாட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட இரண்டு பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். வேண்டாம், நான் இப்படி ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. கையில் பயணப் பையோடு நின்றவளைத் தோளைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவே நடத்திக்கொண்டுபோய், தம்பியின் செத்துப்போன மனைவி தலைமாட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

"கடைசியா உங்களைத்தான் கூப்பிட்டாங்களாம்" என்றாள் கீழ்வீட்டு ரொட்டிக்கடைக்காரி, குனிந்து, காதோடு. "காலையிலேர்ந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் உங்க தம்பி அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு."

அவள் தலையை ஆட்டினாள்.

வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார்கள். பதினொரு வருஷத்து நரை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. அழுகை வரும், வந்தால் நன்றாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக அவள் கண் தானாக லேசாகத் திறந்திருந்த வாய்ப்பக்கம் போயிற்று. மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் இல்லை. அதை இத்தனை நாளும் கட்டாமலேயே விட்டிருக்கிறாள். அடுத்த பல் அந்தச் சந்துக்குள் சாய ஆரம்பித்திருந்தது. இருபத்தெட்டு வருஷமாகப் பல்செட் செய்து பிழைக்கிறவளுக்குப் பிணத்தின் முன்னாலும் புத்தி அங்கேதான் போகும் போலிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பியின் போன் முந்தாநாள் மத்தியானம் வந்தது. அவன் குரலைக் கேட்டே சில வருஷம் இருக்கும். மனைவிக்கு மூச்சு வாங்குவதையும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதையும் சொன்னவன், அதற்கு மேல் சொல்ல முடியாமல் விக்கினான். பிறகுதான் அந்த விஷயம் வந்தது. உன்னைக் கூப்பிடுகிறாள் அக்கா.

"என்னையா?" என்று கேட்டாள். "என்னைன்னு எப்படிச் சொல்றே?"

"நாத்தி, நாத்தின்னு ரெண்டு தடவை சொன்னாக்கா. மூஞ்சியில மாஸ்க் போட்டிருக்கு. ஆனா எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு."

அவள் கையில் அப்போது ஒரு கீழ்வரிசைப் பல்செட் இருந்தது. மறுநாள் காலை கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. இதை முடித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றாள். பல்செட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. பல் ஒரு சாக்கு, பயம்தான் காரணம். மறுநாள் முடித்துக் கொடுத்து, சாமான்களைக் கட்டி, இன்று விடியற்காலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இரண்டாவது போன் வந்தது. அதற்குப் பிறகு ஐந்து மணி நேரப் பயணத்தில் ஜன்னலுக்கு வெளியே என்ன போயிற்று என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

நாத்தி என்ற சொல் மட்டும் வழிநெடுக உறுத்திக்கொண்டே வந்தது. தம்பி மனைவி அவளை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அண்ணி, அண்ணிதான். 'அண்ணி, இந்த ஊசியில நூல் கோத்துக் குடுங்க.' 'அண்ணி, நீங்க உட்காருங்க.' நாத்தி, நாத்தனார் என்பதெல்லாம் அடுத்தவரிடம் ஒருத்தியைப் பற்றிச் சொல்லும் சொல். நேரே கூப்பிடும் சொல் இல்லை. பேச்சுவார்த்தை நின்றுபோன பிறகு இந்த வீட்டில் அண்ணி நாத்தியாகியிருப்பாள், அவ்வளவுதான் என்று பஸ்ஸில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எந்தப் பெயரில் கூப்பிட்டால் என்ன, கூப்பிட்டாளே.

பேச்சு நின்றது ஒரு கண்ணாடிக் கிண்ணத்தால். இரண்டாவது குழந்தையும் ஐந்தாம் மாதத்தில் இல்லையென்றாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. கூடமாட ஒத்தாசைக்கு என்று இவள் வந்து தங்கியிருந்தாள். பாத்திரம் கழுவும்போது தம்பி மனைவியின் ஈரக்கையிலிருந்து கிண்ணம் நழுவிச் சுக்குநூறாயிற்று. அந்த வாரத்தில் அது மூன்றாவது. "உன் கையில எதுவும் தங்காது" என்றாள் இவள், துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டேகூட. தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கிண்ணத்தைத்தான் சொன்னேன் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதென்றால், நீ நினைத்துக்கொண்டது எதை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறினாள். ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்தாள். மாதம் வருஷமாயிற்று. பிறகு நாம் ஏன் முதலில் பேச வேண்டும் என்ற வீம்பும் வந்து குந்திக்கொண்டது.

ஆகவே இன்று அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உண்மையிலேயே தன்னைத்தான் கூப்பிட்டாளா?

தம்பி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தான். சரிசெய்துவிட அவள் கையைத் தூக்கி, ஆட்கள் இருப்பதைப் பார்த்துக் கீழே போட்டாள்.

"நீ வரேன்னு அவ காதுல சொன்னேன்க்கா. சொன்னதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. அமைதியாயிட்டா."

"வேற எதுவும் சொல்லலையா?"

"காத்துன்னு சொன்னா. மூச்சு முட்டுது போலன்னு ஜன்னலைத் திறந்துவிட்டேன். அதுக்கும் இல்லங்கிற மாதிரி தலையை ஆட்டினா. நர்ஸைக் கூட்டிட்டு வந்தேன். பாவம், என்ன கஷ்டமோ." அவன் மூக்கை உறிஞ்சினான். "நாத்தி, காத்து. இது ரெண்டுதான்க்கா அவ பேசினது. உன்னைக் கூப்பிட்டுட்டுத்தான் போனா. எனக்கு அது போதும்."

அவனுக்கு அது போதும் என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு பெண்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பதினொரு வருஷம் முழித்தவன். மனைவிக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் செய்யவும் மாட்டான், மனைவியிடம் அக்கா பேச்சை எடுக்கவும் மாட்டான். கடைசியில் தானாக ஒரு முடிச்சு அவிழ்ந்ததே என்று அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையிலிருந்து காலூன்றி நிற்கிறான்.

எடுத்துப் போக வண்டி நான்கு மணிக்கு வரும் என்றார்கள். அதுவரை உட்கார்ந்திருக்க முடியாது என்று தோன்றியது. பையை எங்கேயாவது வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். பின்னறைக்குப் போங்கள், எல்லாருடைய பையும் அங்கேதான் இருக்கிறது என்றார்கள்.

பின்னறை ஒரு காலத்தில் எந்தக் குழந்தைக்காகக் காலியாக விடப்பட்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே போனதும் ஈரமண் வாடை முகத்தில் அடித்தது. திரைச்சீலை மூடியிருந்தது. கண் பழகியபோது மூன்று அடுக்கு இரும்பு அலமாரி தெரிந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் குழித்தட்டுகள், குழிக்கு ஒன்றாக விரல் உயரச் செடிகள். மேலே சங்கிலியில் தொங்கும் டியூப்லைட்டுகள், பக்கவாட்டில் ஒரு சின்ன மேசை ஃபேன். எல்லாம் அணைந்திருந்தன. அலமாரியின் மேலும் பக்கத்து ஸ்டூலிலும் மழைக்கோட்டுகளும் குடைகளும் கைப்பைகளும் குவிந்து கிடந்தன.

பின்னாலேயே வந்த ரொட்டிக்கடைக்காரி அதெல்லாம் மிளகாய் என்றாள். வருஷா வருஷம் போடுவார்களாம். இந்தத் தெருவில் எந்த வீட்டு மாடியில் மிளகாய்ச் செடி இருந்தாலும் அது இந்த அறையில் முளைத்ததுதானாம். குழிக்குப் பக்கத்தில் ஐஸ் குச்சி நட்டு, யாருக்கு எது என்று எழுதி வைப்பார்களாம். அவள் ஒரு குச்சியைத் தொட்டுக் காட்டினாள். 'ரொட்டி' என்றிருந்தது. பக்கத்தில் 'தபால்', 'மூணாம் மாடி டீச்சர்', 'கத்திரிக்கோல்' என்று வரிசையாக. தெருவில் யாரையும் பேர் சொல்லாமல் தொழிலைச் சொல்லியே அழைக்கும் ஒருத்தியின் கையெழுத்து.

"பெத்த புள்ள மாதிரி பார்த்துப்பாங்க" என்றாள் ரொட்டிக்கடைக்காரி. "நேத்து வந்து பார்த்தப்ப வாடியிருந்துச்சு. மனசு கேக்கல. ஒரு ஜக்கு தண்ணி மேல ஊத்திட்டுப் போனேன்."

அவள் போன பிறகு இவள் குனிந்து பார்த்தாள். இரண்டு நாள் இருட்டில் சில செடிகள் வெளிறி, கழுத்தை நீட்டி, ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தன. முதல் தட்டில் பத்துப் பன்னிரண்டு செடிகள் படுத்தேவிட்டன. படுத்தவற்றின் அடித்தண்டு மண்ணை ஒட்டிக் கறுத்து நூலாகச் சுருங்கியிருந்தது. மற்றவை குட்டையாக, கெட்டியாக, அகலமான கரும்பச்சை இலையோடு இன்னும் நின்றன. செடி கொடியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தக் கை நிதானம் எத்தனை கஷ்டம் என்பது கைவேலைக்காரிக்குத் தெரியும்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தம்பி மனைவி பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். கல்யாணமான புதிதில் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு இவள் கேலி செய்ததுண்டு. தாளில் நான்கு வரி இருந்தது.

லைட் ஒரு சாண் ஒயரத்துல. செடி வளர வளர சங்கிலிய ஏத்து.
தண்ணி கீழ தட்டுல மட்டும். மேல ஊத்துனா அடி அழுகும்.
வெத எலக்கு அப்புறம் ரெண்டு சோடி நெஜ எல வந்ததும் கப்புக்கு மாத்து. எலயப் புடி, தண்டப் புடிக்காத.
நாத்துக்கு காத்து தெனம் ரெண்டு வேள. காத்து பட்டாத்தான் தண்டு கெட்டியாவும்.

கடைசி வரியை அவள் திரும்பப் படித்தாள். பிறகு இன்னொரு தரம், வாயை மட்டும் அசைத்து.

நாத்துக்கு காத்து.

கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சிவப்புக் கைப்பிடி வைத்த பெரிய சுவிட்ச் ஒன்று இருந்தது. லிஃப்டுக்கு மேலே மிஷின் ரூமில் இருப்பது போன்றது. இந்த அறைக்கென்று தம்பி தனியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. அவள் அவனைச் சின்ன வயதிலிருந்து அறிவாள். தொழிலுக்குப் போன பிறகு அவன் கைக்கு ஒரே பழக்கம்: ஓர் இடத்தை விட்டு இறங்குவதற்கு முன்னால் மெயினை அணைத்துவிடும். அணைத்தது அவனுக்கே ஞாபகம் இருக்காது. ஆம்புலன்ஸ்காரர்கள் மனைவியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அந்தக் கை இதை இழுத்து அணைத்திருக்கிறது. நாற்காலியில் போனவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

அப்படியானால் நாத்தி இல்லை. நாத்து.

அவள் கோட்டுகளை நகர்த்திவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு பெரிய வலி வரும் என்று எதிர்பார்த்தாள். ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. கூப்பிடவில்லை. மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்த நேரத்தில் இவள் நினைப்பே அவளுக்கு வரவில்லை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? யாருக்கோ வைத்த நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம் என்பது மட்டும் கூசியது.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தாள். நடையைத் தாண்டி முன்னறைக் கதவுவரை போனாள். உள்ளே தம்பி, புதிதாக வந்த யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மூச்சு விட முடியாத நேரத்திலும் எங்க அக்காவைத்தான் தேடினா. வந்தவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவன் முகம் அழுதுகொண்டே கொஞ்சம் தெளிந்தது.

இவள் என்ன சொல்வாள்? அவள் கேட்டது என்னை இல்லையடா, நீ அணைத்துவிட்டு வந்த ஃபேனை. நீ ஆஸ்பத்திரி ஜன்னலைத் திறந்தாய். அவள் தலையை ஆட்டினாள். அவன் மிச்சமிருக்கும் காலம் முழுக்க அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதே சமயம், சொல்லாமல் விட்டால் இவளுக்கும் லாபம். தெரு முழுக்க, செத்தவள் கடைசியாகத் தேடிய நாத்தனார் என்ற பேர். அந்த லாபம்தான் இடித்தது. தம்பிக்காகச் சொல்லாமல் இருக்கிறோமா, தனக்காகவா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வண்டி நான்கு பத்துக்கு வந்தது. லிஃப்டில் கொள்ளாது என்று படியில் இறக்கினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் 'மெதுவா, மெதுவா' என்று தம்பிதான் சொல்லிக்கொண்டு வந்தான், மிஷின் இறக்குகிற பழக்கத்தில். எல்லாருக்கும் முன்னால் இவளை நிறுத்தினார்கள். நின்றாள். யாரோ கையைப் பிடித்துக்கொண்டார்கள், பிடித்துக்கொள்ள விட்டாள். மயானத்துக்குப் போனதும், நின்றதும், திரும்பியதும் யாரோ ஒருத்திக்கு நடந்தது போலிருந்தது. செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்த பிறகுதான் தானும் போய் வந்தோம் என்று உறைத்தது.

ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இரண்டு பேர்தான் மிச்சம். ரொட்டிக்கடைக்காரி மேசையில் ரொட்டியும் ஒரு பாத்திரம் கஞ்சியும் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். தம்பி குளிக்கப் போனான். குழாய் ஓடும் சத்தம் கேட்டதும் இவள் பின்னறைக்குப் போய்ச் சிவப்புக் கைப்பிடியை மேலே தள்ளினாள்.

டியூப்லைட்டுகள் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தன. ஃபேன் முனகிக்கொண்டு சுற்றியது. செடிகள் எல்லாம் ஒருசேர லேசாகத் தலையசைத்தன. அவள் கீழ்த்தட்டுகளில் தேங்கிய தண்ணீரை வாளியில் கவிழ்த்தாள். பையிலிருந்து வேலைக் கருவிகள் சுற்றிய துணிச் சுருளை எடுத்து, பல்லைப் பொருத்தும் மெல்லிய இடுக்கியால் அழுகிச் சாய்ந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பக்கத்துச் செடியின் வேர் அசையக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். பதினொன்று போயிற்று. சுவர்த் தாளை இன்னும் ஒரு முறை படித்து மனசில் ஏற்றிக்கொண்டாள். பிறகு நான்கு மூலையிலும் நகத்தால் கீறி, கிழியாமல் உரித்து, மடித்து, தன் பைக்கு அடியில் வைத்தாள். திருட்டுத்தான். அவளுக்கு அது தெரியும்.

பேப்பர் கப்புகளை வரிசையாக வைத்து மண் போட ஆரம்பித்தபோது தம்பி ஈரத்தலையோடு வாசலில் வந்து நின்றான். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான்.

"என்னக்கா பண்றே?"

"கப்புக்கு மாத்தணும். வேர் வெளிய வந்துடுச்சு."

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"சுவத்துல எழுதியிருந்தா. படிச்சேன். ஈரத்துல ஊறி எடுக்கறப்பவே கிழிஞ்சுபோச்சு."

அவன் வெறும் சுவரைப் பார்த்தான். பிறகு சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தான். "இது ஆஃப்லயா இருந்துச்சு?"

"கோட்டு வைக்க வந்தவங்க யாராவது தட்டியிருப்பாங்க."

அவன் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் வலது கை தொடையோரமாக ஒரு தரம் மடங்கி விரிந்தது. அவள் தலையைத் தூக்காமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளுக்கு முதல் முதலாகப் பயமாக இருந்தது.

கடைசியில் அவன் கேட்டது வேறு. "உன்னை வரச்சொல்லி என்ன சொல்லணும்னு இருந்திருப்பாக்கா?"

இதற்குத்தான் பயந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருப்பாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நம்புவான். நாளைக்குத் தெருவே நம்பும். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"இதைப் பார்த்துக்கச் சொல்லியிருப்பா" என்றாள்.

"இதையா?"

"ஆமா. இதைத்தான்."

அவன் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். எப்படிப் பிடிக்கணும் என்று கேட்டான்.

"இலையைப் பிடி. தண்டைப் பிடிக்காதே."

அவள் குழியிலிருந்து ஒன்றை வேர் மண்ணோடு நெம்பிக் கொடுத்தாள். அவன் தன் தடித்த இரண்டு விரலால் ஒற்றை இலையின் நுனியைப் பிடித்து, அதைக் கப்பின் நடுவில் தொங்கவிட்டான். அவள் சுற்றிலும் கரண்டி கரண்டியாக மண் போட்டு, விரலால் மெல்ல அழுத்தினாள். செடி நின்றுவிட்டது.

"விடலாம்" என்றாள்.

அவன் விடவில்லை. அவள் அடுத்த கப்பை எடுத்து மண் போட ஆரம்பித்தாள்.